சொந்த விசைப்பலகை செய்ய ஆசையா? முதலில் ஒன்பது விசைகள்

கேள்வி: நான் தமிழ்த் துணைப்பாட ஆசிரியை. நாள் முழுக்கத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறித் தட்டச்சு செய்கிறேன். தமிழ்99 விசை ஒழுங்கு நன்றாகப் பழகிவிட்டது. எனக்கு ஏற்ற மாதிரி ஒரு விசைப்பலகையை நானே செய்ய ஆசை. சால்டரிங் அயர்னை (ஈயம் உருக்கி ஒட்டும் கருவியை) தொட்டதுகூட இல்லை. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்ய முடியுமா? பொருள்களை எங்கே வாங்குவது? தமிழ் எழுத்துகளுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்:

தாராளமாக முடியும். சன்னலோரமாக ஒரு மேசையும் அவசரமில்லாத ஒன்றிரண்டு வார இறுதிகளும் இருந்தால் போதும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அறுபது எழுபது விசை உள்ள முழுப் பலகையில் கை வைக்காதீர்கள். மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது விசை மட்டும் உள்ள குட்டிப் பலகை ஒன்றைச் செய்யுங்கள். இப்போது இருக்கும் விசைப்பலகை அப்படியே இருக்கட்டும். குட்டிப் பலகை அதற்குப் பக்கத்தில் உட்காரட்டும்.

பெரிய விசைப்பலகையில் இருக்கும் எல்லாமே இந்த ஒன்பதிலும் இருக்கிறது. சுவிட்ச், டயோடு, கம்பிப் பின்னல், கட்டுப்படுத்தும் போர்டு, அதற்குள் ஓடும் மென்பொருள், எதுவும் குறையாது. எண்ணிக்கை மட்டுமே வேறு. அறுபது விசைக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஈயம் வைக்க வேண்டும். முதன்முறை அயர்ன் பிடிப்பவருக்கு அது மலைப்பைத் தரும். பாதியில் ஒரு பிழை வந்தால் எங்கே என்று தேடுவது அதைவிடப் பெரிய பாடு. ஒன்பது விசையில் பிழை வந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஈயமே தொடாமல் சுவிட்சுகளைச் செருகி முடிக்கும் தொகுப்புகளும் கடையில் கிடைக்கின்றன. அவற்றைச் சேர்த்தால் நல்ல விசைப்பலகை கிடைக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாமலே போகும். நீங்கள் 'நானே செய்ய வேண்டும்' என்று கேட்டிருப்பதால் கையால் கம்பி பின்னும் வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

கடைசியாகக் கேட்ட தமிழ்க் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தவை. விசைப்பலகை கணினிக்கு எழுத்துகளை அனுப்புவதில்லை. ஒவ்வொரு விசைக்கும் யூஎஸ்பி தரத்தில் ஓர் எண் உண்டு: ஏ விசைக்கு 4, பி (b) விசைக்கு 5, இப்படியே போய் இஸட் விசைக்கு 29. விசைப்பலகை அந்த எண்ணை மட்டும் சொல்கிறது. அதைப் பார்த்து 'a' போடுவதா, 'அ' போடுவதா என்று தீர்மானிப்பது கணினியின் இயங்குதளம். அதனால் நீங்கள் செய்யும் பலகைக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. விண்டோஸிலும் மேக்கிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் போதும். யூனிகோடு எழுத்துகளை விசைப்பலகையே நேரடியாக அனுப்பும் வழிகளும் உண்டு. ஆனால் அவை விண்டோஸுக்கு ஒரு மாதிரி, மேக்குக்கு ஒரு மாதிரி, லினக்ஸுக்கு ஒரு மாதிரி. தொடக்கத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த வேலையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் தமிழ் இணைய மாநாடு 1997இல் இங்கேதான், சிங்கப்பூரில் நடந்தது. அதற்கு முன்னின்றவர் 'கணியன்' மென்பொருளை உருவாக்கிய நா. கோவிந்தசாமி. அடுத்து 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியேதான் நீங்கள் பழகியிருக்கும் தமிழ்99 ஒழுங்கு நிலைபெற்றது. இடக்கைக்கு உயிர், வலக்கைக்குப் பெரும்பாலும் மெய், இரட்டித்தால் தானாக விழும் புள்ளி என்று எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்! அந்த ஒழுங்குக்கு ஏற்ற ஒரு கருவியைச் சிங்கப்பூரில் ஒரு தமிழாசிரியை தன் கையால் செய்யப்போகிறார் என்பதே எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

விசைகள் எண்ணைத்தான் அனுப்புகின்றன என்பது புரிந்தால் ஓர் அருமையான வசதி கைக்கு வரும். மாணவர் கட்டுரைகளில் 'ஒற்றுப்பிழை' என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை குறிப்பு எழுதுகிறீர்கள்? தமிழ்99இல் அந்தச் சொல்லுக்கு நீங்கள் அழுத்துவது சி, யூ, யூ, டி (d), ஜே, ஜே, எஸ், சாய்கோடு, ஆர். ஒன்பது அழுத்தல்கள். குட்டிப் பலகையின் ஒரு விசையை அழுத்தினால் இந்த ஒன்பதையும் வரிசையாக அனுப்பும்படி செய்துவிடலாம். கணினி தமிழ்99இல் இருந்தால் 'ஒற்றுப்பிழை' என்று விழும். ஆங்கிலத்தில் இருந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் விழும், அவ்வளவுதான். மொழி மாற்றுவதற்கும் ஒரு விசை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் அது விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்தது; மேக்கில் பொதுவாகக் கன்ட்ரோலும் இடைவெளியும். ஒரே கட்டைவிரல் தட்டில் மொழி மாறுவது, நாள் முழுக்க மாறி மாறி அடிப்பவருக்கு எவ்வளவு நிம்மதி என்பதைச் செய்து பார்த்தால் தெரியும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஒன்பது விசைக்கு ஒன்பது கம்பி இழுத்துப் போர்டின் ஒன்பது கால்களில் இணைத்தாலே வேலை நடக்கும். ஆனால் அறுபது விசைக்கு அறுபது கால்கள் உள்ள போர்டுக்கு எங்கே போவது? அதனால் விசைகளைக் குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை என்று பின்னுகிறோம். வீவக முகவரியில் தளமும் வீட்டு எண்ணும் சொன்னால் ஒரே ஒரு வீடுதான் வரும், அதுபோல இரண்டாவது குறுக்கு, மூன்றாவது நெடுக்கு என்றால் ஒரே ஒரு விசைதான். மூன்றும் மூன்றும் ஆறு கம்பியில் ஒன்பது விசை முடிந்துவிடும். ஐந்து குறுக்கு, பன்னிரண்டு நெடுக்கு என்றால் பதினேழு கம்பியில் அறுபது விசை. ஒன்பதுக்கு இந்தப் பின்னல் கட்டாயமில்லைதான். இருந்தாலும் பின்னியே செய்யுங்கள்; பெரிய பலகைக்கு இதே கைப்பழக்கம் வேண்டும்.

போர்டு ஒரு நெடுக்கு வரிசைக்கு மட்டும் மின்னழுத்தம் கொடுத்து, மூன்று குறுக்கு வரிசைகளில் எதிலாவது அது வந்து சேர்கிறதா என்று பார்க்கும். பிறகு அடுத்த நெடுக்கு, அதற்கடுத்தது. இந்தச் சுற்று ஒரு வினாடிக்குள் எத்தனையோ முறை நடப்பதால் நம் விரலுக்குத் தாமதமே தெரியாது. எதற்கு மின்னழுத்தம் கொடுப்பது, எதைக் கவனிப்பது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறலாம். மின்னோட்டம் பாயும் திசை மட்டும் நாம் டயோடு வைத்த திசைதான்.

டயோடு எதற்கு? ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு விசைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்னோட்டம் ஒரு விசை வழியாகக் குறுக்கு வரிசைக்குப் போய், பக்கத்து விசை வழியாகத் திரும்பி ஏறி, மூன்றாவது வழியாக இன்னொரு குறுக்கு வரிசைக்கு இறங்கிவிடும். போர்டுக்கு நான்காவது விசையும் அழுத்தப்பட்டதாகத் தோன்றும். யாரும் தொடாத விசை எழுத்துப் போடும். டயோடு மின்னோட்டத்தை ஒரு திசையில்தான் விடும். அந்தத் 'திரும்பி ஏறும்' பாதையை அது அடைத்துவிடுகிறது. அதனால் விசைக்கு ஒன்று வீதம் டயோடு வேண்டும். 1என்4148 என்ற சின்னக் கண்ணாடி டயோடு போதும். அதன் ஒரு முனையில் கறுப்பு வளையம் இருக்கும். மின்னோட்டம் வளையம் உள்ள பக்கமாக வெளியேறும். இந்த ஒரு விவரத்தை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்.

இனிப் பொருள்கள். கட்டுப்படுத்தும் போர்டுக்கு ராஸ்பெர்ரி பை பிக்கோ என்பதே என் பரிந்துரை. 2021இல் நான்கு அமெரிக்க டாலர் விலையில் வந்தது. 26 கால்களை நம் வேலைக்குப் பயன்படுத்தலாம். யூஎஸ்பி விசைப்பலகையாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும் திறன் அதன் சில்லிலேயே உண்டு. புதிய பிக்கோ 2 வந்துவிட்டது, ஆனால் இந்த வேலைக்குப் பழையதே தாராளம். கால்களில் ஊசிகள் முன்கூட்டியே பொருத்தப்பட்ட 'பிக்கோ எச்' கிடைத்தால் அதை வாங்குங்கள். ஊசிகளில் செருகும் ஜம்பர் கம்பிகளைப் பயன்படுத்தினால் போர்டில் ஈயமே வைக்க வேண்டாம். நாளை பெரிய பலகைக்கு அதே போர்டைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் பிள்ளைகளின் ஆர்டுயினோ யூனோ இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். பரவலாகப் புழங்கும் யூனோவின் முதன்மைச் சில்லுக்கு நேரடியாக யூஎஸ்பி பேசத் தெரியாது.

சுவிட்சுகளில் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வடிவமே பொதுத் தரம். அதன் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கெய்ல் போன்ற நிறுவனங்கள் அதே அளவில் மலிவாகச் செய்கின்றன. சிவப்பு என்றால் தடையில்லாமல் இறங்கும். பழுப்பு என்றால் பாதி வழியில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தெரியும். நீலம் என்றால் மேட்டோடு 'டிக்' என்ற ஓசையும் வரும். இரவில் பிள்ளைகள் தூங்கும்போது கட்டுரை திருத்துபவர் நீலத்தைத் தவிர்ப்பது நல்லது. அந்த ஓசை அடுத்த அறைவரை போகும். பழுப்பு வாங்குங்கள். பத்து சுவிட்சுகள் கொண்ட பொட்டலம் வாங்கினால் ஒன்று உபரியாக இருக்கும்.

சில்லறைப் பாகங்களுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவர். கணினி விற்கும் சிம் லிம் ஸ்குவேருடன் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் அருகருகே இருந்தாலும் டயோடு, கம்பி, ஈயம், மல்டிமீட்டர் எல்லாம் டவரில்தான். ரோச்சோர் அல்லது ஜாலான் புசார் பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டும் போகலாம். பல கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் சனிக்கிழமை போங்கள். ஒரு காலத்தில் பக்கத்துச் சுங்கை ரோடு சந்தையில் பழைய விசைப்பலகைகளும் மின்கருவிகளும் தரையில் பரப்பிக் கிடக்கும். 2017 ஜூலையில் அது மூடப்பட்டது, இன்றும் எனக்கு வருத்தம்தான். கடைக்காரரிடம் தயங்காமல் 'முதல் முறை செய்கிறேன்' என்று சொல்லுங்கள். அங்கே இருக்கும் மூத்த வியாபாரிகள் பலர் எந்த ஈயம், எவ்வளவு தடிமன் என்று பொறுமையாக எடுத்துக் கொடுப்பார்கள்.

சுவிட்சும் விசை மூடிகளும் இணையத்தில் மலிவு. வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான பொருள்களுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு. அது இப்போது 9 விழுக்காடு. ஒன்பது விசைக்கான பொருள்கள் எல்லாம் சேர்த்து 30 வெள்ளியை ஒட்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளுக்குத் தனியே அறுபது முதல் எண்பது வெள்ளி ஒதுக்குங்கள், அவை பல ஆண்டுகள் உழைக்கும்.

அயர்னில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வெப்பத்தை அமைத்துக்கொள்ளும் வசதி உள்ளதாக, நம் ஊர் 230 வோல்ட்டுக்கும் மூன்று முள் பிளக்குக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். வெப்பத்தை மாற்ற முடியாத மலிவான அயர்ன் ஒன்று, சூடு போதாமல் ஈயத்தை உருட்டும், அல்லது அதிகமாகி சுவிட்சின் பிளாஸ்டிக்கை உருக்கும். 'எனக்கு இது வராது' என்று பலர் விட்டுவிடுவதற்குக் காரணமே அதுதான். மல்டிமீட்டரும் கட்டாயம். இரண்டு முனைகள் இணைந்திருந்தால் 'பீப்' அடிக்கும் வசதி இருந்தால் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

சுவிட்சுகளைப் பிடித்து நிறுத்த ஒரு தட்டு வேண்டும். ஒவ்வொரு ஓட்டையும் 14 மில்லிமீட்டர் சதுரம். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர். தட்டின் தடிமன் 1.5 மில்லிமீட்டர் இருந்தால்தான் சுவிட்சின் பக்கக் கொக்கிகள் 'டக்' என்று பிடிக்கும். கையால் சதுர ஓட்டை வெட்டுவது கடினம், முப்பரிமாண அச்சில் எடுப்பதே சுலபம். தேசிய நூலக வாரியம் பொங்கோல் போன்ற வட்டார நூலகங்களில் 'மேக்ஐடி' என்ற பெயரில் கைவினைக் கூடங்கள் வைத்திருக்கிறது. அங்கே முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் உண்டு. முன்பதிவு முறைகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். மூன்றுக்கு மூன்று தட்டுக்கான வடிவக் கோப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இப்போது ஈயம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த 63/37 வகை 183 டிகிரியில் உருகும், பழகுவதற்கு மிகச் சுலபம். ஈய உலோகமே கலக்காத 'ஈயமில்லாத' வகை 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், கொஞ்சம் முரண்டுபிடிக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தச் சிரமத்தோடு ஈயமில்லாததையே தேர்ந்தெடுங்கள் என்பேன். 63/37 வாங்கினால் சாப்பாட்டு மேசையில் வேலை செய்யாதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், மேசையை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். எழும்பும் புகை பெரும்பாலும் ஈயக் கம்பிக்குள் இருக்கும் பிசினின் புகை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. சன்னலைத் திறந்துவைத்து, ஒரு சின்ன மின்விசிறியைப் புகையை வெளியே இழுக்கும்படி வையுங்கள். தலைக்கு மேலே ஓடும் விசிறியை நிறுத்திவிடுங்கள். அது புகையை முகத்துக்கே திருப்பும்.

அயர்னை 350 டிகிரிக்கு அருகில் வையுங்கள். ஒரு துளைப்பலகையும் சில பழைய கம்பித் துண்டுகளும் எடுத்து, இருபது முப்பது இணைப்புகள் வெறுமனே பழகுங்கள். அயர்னின் நுனியால் இரண்டு உலோகங்களையும் ஒருசேரத் தொட்டு ஒரு நொடி சூடாக்க வேண்டும். பிறகு ஈயக் கம்பியை அயர்னில் வைக்காமல், சூடான உலோகத்தில் தொட வேண்டும். சூடு சரியாக இருந்தால் ஈயம் தானே ஓடிப் படியும். நல்ல இணைப்பு சின்னக் கூம்பு மாதிரி சரிந்திருக்கும். உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள், மறுபடி சூடாக்குங்கள். சுவிட்சின் காலில் மூன்று விநாடிக்கு மேல் அயர்னை அழுத்தி வைக்காதீர்கள், பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்துவிடும்.

கை பழகியதும் பின்னலுக்கு வாருங்கள். ஒன்பது சுவிட்சுகளையும் ஒரே திசை பார்க்கத் தட்டில் அழுத்திச் செருகிவிட்டுக் கவிழ்த்துப் போடுங்கள். கவிழ்த்ததும் இடம் வலமாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. பின்பக்கத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, முன்பக்க எண்களை அதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு கால். ஒரு காலில் டயோடை வையுங்கள், கறுப்பு வளையம் சுவிட்சை விட்டு விலகிய பக்கம் இருக்கட்டும். டயோடின் வளையமில்லாத முனையைச் சுவிட்ச் காலில் ஒரு சுற்றுச் சுற்றி ஈயம் வைக்க வேண்டும். வளையமுள்ள பக்கத்து நீளக் காலைக் கிடையாக மடக்கி, பக்கத்து டயோடின் காலோடு இணைத்தால் அதுவே குறுக்கு வரிசைக் கம்பி ஆகிவிடும். தனிக் கம்பியே தேவையில்லை. இப்படி மூன்று குறுக்கு வரிசைகள்.

சுவிட்சுகளின் மற்றக் கால்களை மேலிருந்து கீழாகக் கம்பியால் இணையுங்கள், அவை நெடுக்கு வரிசைகள். இந்தக் கம்பி குறுக்கு வரிசையைக் கடக்கும் இடத்தில் உறை இருக்க வேண்டும். ஈயம் வைக்கும் இடத்தில் மட்டும் உறையை உரியுங்கள். குறுக்கும் நெடுக்கும் எங்கேயும் நேரடியாகத் தொடக்கூடாது. கடைசியில் ஆறு ஜம்பர் கம்பிகளின் ஒரு முனையை வெட்டி ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று வீதம் வைத்து, மறுமுனையைப் பிக்கோவின் ஊசிகளில் செருகுங்கள். நெடுக்கு மூன்றையும் ஜிபி0, 1, 2 என்ற ஊசிகளிலும், குறுக்கு மூன்றையும் ஜிபி3, 4, 5 என்ற ஊசிகளிலும் வைத்தால் நினைவில் நிற்கும்.

கணினியில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை டயோடு சோதனைக்குத் திருப்புங்கள். சிவப்பு முனையை ஒரு நெடுக்கிலும், கறுப்பு முனையை ஒரு குறுக்கிலும் வைத்து அந்த விசையை அழுத்தினால் அரை வோல்ட்டுக்கு மேல் ஓர் எண் காட்டும். முனைகளை மாற்றி வைத்தால் எதுவும் காட்டக்கூடாது. ஒன்பதையும் இப்படிச் சோதித்துவிட்டால் மின்வேலை முடிந்தது.

மென்பொருளுக்கு இரண்டு வழிகள் உண்டு. கியூஎம்கே என்பது விசைப்பலகை செய்பவர்களிடையே மிகப் பரவலானது. ஆனால் கணினியில் சில கருவிகளை நிறுவி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தொகுத்து ஏற்ற வேண்டும். முதல் பலகைக்குக் கேஎம்கே போதும், அது பைத்தான் என்ற நிரல்மொழியில் ஓடுகிறது. பிக்கோவின் சிறு பொத்தானை அழுத்தியபடியே யூஎஸ்பியில் செருகினால் அது ஒரு சேமிப்பகம்போலத் திரையில் தெரியும். பிக்கோவில் பைத்தானை ஓட்டும் சர்க்யூட்பைத்தான் என்ற மென்பொருளின் கோப்பை அதற்குள் இழுத்துப் போடுங்கள். அது தானாக மறுபடி தொடங்கி, வேறு பெயரில் தெரியும். கேஎம்கே கோப்புறையை அதில் நகலெடுங்கள். அப்புறம் ஒரே ஒரு சிறிய கோப்பு எழுத வேண்டும்: நெடுக்குக் கால்கள் எவை, குறுக்குக் கால்கள் எவை, டயோடு எந்தத் திசை, ஒன்பது விசைகளும் எதை அனுப்ப வேண்டும், இந்த நான்கு விவரங்கள்தான். சேமித்த நொடியே பலகை புதிய கட்டளைப்படி வேலை செய்யும். இடம் வலம் மாறிப் பின்னியிருந்தாலும் கவலை வேண்டாம். கோப்பில் கால்களின் வரிசையை மாற்றி எழுதினால் சரியாகிவிடும், ஈயத்தைத் தொடவே வேண்டாம்.

கணினி பிக்கோவைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் முதலில் யூஎஸ்பி கம்பியை மாற்றிப் பாருங்கள். மின்னேற்றம் மட்டும் செய்யும், தரவு கடத்தாத கம்பிகள் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. ஒரே ஒரு விசை வேலை செய்யவில்லை என்றால் அந்த டயோடு தலைகீழாக இருக்கும், அல்லது ஈயம் ஒட்டியிருக்காது. ஒரு வரிசை முழுக்க இல்லை என்றால் அந்த வரிசையிலிருந்து போர்டுக்குப் போகும் கம்பி. எல்லா டயோடும் ஒரே மாதிரி தலைகீழாக வைத்திருந்தால் ஒன்றும் வேலை செய்யாது. அப்போதும் கோப்பில் டயோடின் திசையை மாற்றினால் தீர்ந்தது. ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழுந்தால், சுவிட்சுக்குள் உலோகத் தகடுகள் மோதி அதிர்வதைப் போர்டு இரண்டு அழுத்தலாக எண்ணுகிறது. சில மில்லிவிநாடி பொறுத்து எண்ணும்படி அமைப்பில் சொல்லலாம். கியூஎம்கேயில் இயல்பான அளவு 5 மில்லிவிநாடி.

ஒரு விசையில் கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் நிச்சயம் வரும். வைக்காதீர்கள். அந்தக் கோப்பு பூட்டில்லாத எழுத்தாக இருக்கிறது, பலகையை எடுத்துத் தன் கணினியில் செருகும் எவரும் படித்துவிடலாம். பள்ளி அல்லது அலுவலகக் கணினியில் செருகுவதற்கு முன் அங்குள்ள தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேளுங்கள். உங்கள் பலகை விசைப்பலகையாக மட்டுமல்லாமல் சேமிப்பகமாகவும் தெரிவதால், பாதுகாப்பு அமைப்பு அதைத் தடுக்கக்கூடும். சேமிப்பகமாகத் தெரியாதபடி மறைக்கும் வசதி சர்க்யூட்பைத்தானில் உண்டு.

ஒன்பது விசையை ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு பெரியது செய்யத் தோன்றும். அப்போது தமிழ்99 பழகியவர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வழிகாட்டிகள் ஆங்கிலம் மட்டும் அடிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை; இதைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இருக்காது. இரண்டாகப் பிரிந்த கார்ன் போன்ற 42 விசைப் பலகைகள் மிக அழகானவை, மணிக்கட்டுக்கும் இதமானவை. ஆனால் அவற்றின் மேல் வரிசை வலப்பக்கத்தில் பி (p) விசைக்கு அப்புறம் ஒரே ஒரு விசைதான் உண்டு, அதிலும் வழக்கமாகப் பின்னழிப்பு வைத்திருப்பார்கள். தமிழ்99இல் அந்தப் பி (p) விசைக்கு அடுத்த இடத்தில்தான் 'ச' இருக்கிறது, அதற்கடுத்து 'ஞ'. ஆங்கிலத்தில் அவை சதுர அடைப்புக்குறிகள், நிரல் எழுதாதவருக்கு எப்போதாவதுதான் தேவைப்படும். நமக்கோ 'ச' இல்லாமல் ஒரு வாக்கியம் நகராது. அதை இரண்டாம் அடுக்கில் ஒளித்துவைத்தால் ஒவ்வொரு 'ச'வுக்கும் இன்னொரு விசையைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். பின்னழிப்பைக் கட்டைவிரலுக்கு மாற்றி அந்த இடத்தைச் 'ச'வுக்குக் கொடுங்கள். குறைவாக வரும் 'ஞ'வை மட்டும் அடுக்கில் வையுங்கள். 'ய'வும் 'ழ'வும் இந்தப் பலகைகளில் தத்தம் இடத்தில் இருக்கும், அவற்றுக்குச் சிக்கல் இல்லை. இந்த மாற்றமே வேண்டாம் என்றால் வழக்கமான 60 விழுக்காட்டு அமைப்பை (வலப்பக்க எண் பகுதி இல்லாத சிறிய ஒற்றைப் பலகையை) தேர்ந்தெடுங்கள், அதில் எல்லா இடமும் உண்டு.

நடுவரிசை விசைகளைத் தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல் அல்லது ஷிஃப்ட் என்று வைப்பதும் இப்போது பரவலாக இருக்கிறது. தட்டலா, பிடிப்பா என்று முடிவு செய்யக் கியூஎம்கே இயல்பாக 200 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும். தமிழ்99இல் நடுவரிசையின் எஃப் விசை புள்ளி, எச் விசை 'க'. இரண்டும் ஓயாமல் அடிபடும் விசைகள். வேகமாக அடிக்கும்போது புள்ளி விழாமல் ஏதோ ஒரு குறுக்குவழி இயங்கிவிடும். ஆகவே அந்த இரண்டையும் வெறும் எழுத்து விசைகளாகவே விட்டுவிடுங்கள்.

உங்கள் கணினி விண்டோஸா, மேக்கா என்றும், ஒன்பது விசையில் எவை வேண்டும் என்றும் எழுதுங்கள். அதற்கேற்ற கேஎம்கே கோப்பை நான் எழுதித் தருகிறேன். நீங்கள் அதற்குள் சிம் லிம் டவருக்குப் போய் வந்துவிடலாம்.